ஹவாய்ப் பெருந்தீவில் எரிமலையும் மழைக்காடும்: சிறு குழு நடைப்பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய் மாநிலத்தின் தென்கோடித் தீவுக்கும் ஹவாய் என்றுதான் பெயர். குழப்பம் வேண்டாம் என்று எல்லோரும் அதைப் பெருந்தீவு என்பார்கள். அங்கே காலையில் கறுத்து உறைந்த லாவா வெளியில் வெயிலில் நடக்கலாம். மதியத்துக்குள் பெரணி மரங்களின் அடியில் மழையில் நனையலாம். இரண்டுக்கும் இடையே சில நிமிடக் கார்ப் பயணம்தான். நடைப்பயணத்தில் நேரும் சங்கடங்களில் பெரும்பாலானவை, இந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் தயாராகி வருவதால் நேர்பவை. கீழே உள்ள பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எங்கெங்கே நடப்போம்?

பயணத்தின் மையம் ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா. 1916-இல் அமைந்தது, 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கடல் மட்டத்தில் தொடங்கி, 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவா எரிமலையின் உச்சி வரை போகிறது. பூங்காவின் இன்னொரு எரிமலையான கீலவேயாவின் உச்சிப் பகுதி சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான பாதைகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

வழக்கமான 5 அல்லது 6 நாள் திட்டத்தில் கீலவேயா இக்கி பள்ளம், நாஹுகு லாவா குகை, மௌனா உலு வெளி, கடலோரத்தில் பூ லோவா பாறைச் செதுக்கல்கள், கீப்புக்காப்புவாவுலு காடு ஆகியவை இருக்கும். தீவின் ஈரமான கிழக்குப் பக்கத்தில் ஹீலோவுக்கு வடக்கே உள்ள ஓடைகளும் அருவிகளும் ஒருநாள். ஹீலோவிலிருந்து பூங்காவுக்குச் சுமார் 48 கி.மீ., முக்கால் மணி நேரம். கோனா பக்கம் தங்கினால் சுமார் 155 கி.மீ.; ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோனாவில் தங்கிக்கொண்டு தினமும் பூங்காவுக்கு வந்து போகும் திட்டத்தை யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம். நடையில் செலவாக வேண்டிய நேரம் காரிலேயே போய்விடும்.

குழுவில் எத்தனை பேர் இருப்பது நல்லது?

ஒரு வழிகாட்டிக்கு 6 பேர், அதிகம் போனால் 8. இதற்குக் காரணம் ஒலிதான். காட்டுப் பாதையில் முன்னால் போகிறவர் சொல்வது ஏழெட்டுப் பேருக்கு அப்பால் கேட்காது. மழையில் அதுவும் இல்லை. லாவா வெளியில் வேறு பிரச்சினை: வரிசை நீண்டால் பின்னால் வருகிறவர்கள் பாதையை விட்டுக் குறுக்கே நடக்கத் தொடங்குவார்கள். அங்கே அது ஆபத்து. ஏன் என்று கீழே சொல்கிறோம். 8 பேரைத் தாண்டினால் வரிசையின் கடைசியில் நடக்க இரண்டாவது வழிகாட்டி வேண்டும். இதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பூங்காவுக்குள் கட்டணம் வாங்கி ஆட்களை அழைத்துப்போகும் எவருக்கும் பூங்காவின் வணிக அனுமதி தேவை. அதோடு, வழிகாட்டி காட்டுச் சூழலுக்கான முதலுதவி படித்தவரா என்றும் கேளுங்கள். பூங்காவின் பல பகுதிகளில் கைபேசி எடுக்காது. அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க முடிந்தாலும் உதவி வந்து சேர நேரமாகும்.

எவ்வளவு உடல் தகுதி வேண்டும்?

5 கிலோ பையுடன் 8 முதல் 10 கி.மீ., அதில் சுமார் 300 மீட்டர் ஏற்றம்: இதை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்துவிட்டு மூன்றாம் நாள் சாதாரணமாக எழுந்து நடக்க முடிந்தால் போதும். ஒரே ஒரு நாள் நன்றாக நடந்து பார்த்துவிட்டுத் தயார் என்று முடிவு கட்ட வேண்டாம். பலருக்கும் முழங்கால் வலி தெரிவது இரண்டாம் நாள் இறக்கத்தில்தான்.

பயிற்சிக்கு 6 வாரம் ஒதுக்குங்கள். ஏறுவதைவிடப் படி இறங்குவதை அதிகம் செய்யுங்கள். தொடையின் முன்தசை இறக்கத்துக்குப் பழகியிருந்தால்தான் ஈரப் பாறையில் கால் நடுங்காமல் நிற்கும். கடைசி இரண்டு வாரமும் பயணத்துக்கு வைத்திருக்கும் அதே ஷூ, அதே சாக்ஸ், அதே எடை.

கீலவேயா இக்கி நடை எப்படி இருக்கும்? அவ்வளவு சொல்கிறார்களே?

சொல்வதற்குத் தகுந்த இடம்தான். 1959 நவம்பர் 14 அன்று இந்தப் பள்ளத்தின் சுவர் பிளந்து நெருப்பு கிளம்பியது. டிசம்பர் 20 வரை விட்டுவிட்டுப் பதினேழு முறை. ஒரு கட்டத்தில் லாவா ஊற்று சுமார் 580 மீட்டர் உயரம் எழுந்தது. அப்போது தேங்கிய லாவா ஏரியின் மேல்தோல்தான் நீங்கள் நடக்கும் தரை. மேலே விரைவில் இறுகிவிட்டாலும் உள்ளே முழுதும் உறையப் பல பத்தாண்டுகள் பிடித்தன. மழை பெய்து ஓய்ந்தபின் போனால் விரிசல்களிலிருந்து ஆவி எழும். அது ஆழத்தில் இன்னும் சூடாக இருக்கும் பாறையைத் தொட்டுத் திரும்பும் மழைநீர்.

சுற்றுப்பாதை சுமார் 5.3 கி.மீ., இறக்கமும் ஏற்றமும் ஏறக்குறைய 120 மீட்டர், நேரம் 2 முதல் 3 மணி. கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் நடங்கள். முதலில் வடக்கு விளிம்பில் காட்டு நிழலோடு போய், மேற்குப் பக்கப் பாறைப் படிகளில் இறங்கி, பள்ளத்தின் தரையைக் குறுக்காகக் கடந்து, கிழக்கில் வளைந்து வளைந்து ஏறும் பாதையில் வெளியே வரலாம். கரடுமுரடான படிகளைக் கால் களைக்குமுன் கடந்துவிடுவதுதான் இதில் லாபம். காலை 8 மணிக்குள் வாகனத்தை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் நிறுத்துமிடம் வேகமாக நிரம்பும்.

பள்ளத்தின் தரையில் வழி காட்டுவது ‘ஆஹு’ எனப்படும் கல் குவியல்கள். மூடுபனி இறங்கினால் அவைதான் ஒரே துணை. விளையாட்டுக்காகப் புதிதாக ஒரு குவியல் கட்டினால், பின்னால் வருகிறவர் பனியில் வழி தவறுவார். ஒரு கல்லைக்கூடச் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அடுத்த குவியல் கண்ணில் படும்வரை, நீங்கள் நிற்கும் இடத்துக் குவியலை விட்டு நகராதீர்கள்.

லாவா வெளியில் பாதையை விட்டு விலகினால் என்ன ஆகும்? தரை கெட்டியாகத்தானே இருக்கிறது?

பார்வைக்குத்தான். ஹவாய் லாவாவில் இரண்டு தோற்றங்கள். ‘பாஹோய்ஹோய்’ வழவழப்பாக, கயிறு சுருட்டியதுபோல் இருக்கும். ‘ஆஆ’ உடைந்த கரித்துண்டுகளைக் கொட்டியதுபோல் இருக்கும். இரண்டும் ஒரே குழம்பிலிருந்து வரலாம். குழம்பு குளிர்ந்து கெட்டிப்படும்போது வேகமாக இழுபட்டால் மேல்தோல் கிழிந்து ஆஆ ஆகிவிடும்.

ஆஆவில் சிக்கல் வெளிப்படையானது. கல் உருளும், விழுந்தால் உள்ளங்கை கண்ணாடியில் அறுபட்டதுபோல் கிழியும். தோட்ட வேலைக்குப் போடும் கையுறை ஒரு ஜோடி இதற்குப் போதும். பாஹோய்ஹோயின் சிக்கல் மறைவானது. வாயு நிறைந்த லாவா உறைந்த இடங்களில் மேலே சில சென்டிமீட்டர் தடிமனில் ஓடு மட்டும் இருக்கும், அடியில் வெற்றிடம். 1969 முதல் 1974 வரை வெடித்த மௌனா உலுவைச் சுற்றி இது அதிகம். ஓடு உடைந்தால் கால் உள்ளே இறங்கும். இழுக்கும்போதுதான் உடைந்த விளிம்பு முழங்காலுக்குக் கீழே அறுக்கும். அப்படி நடந்தால் காலை உடனே இழுக்காமல் நில்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் விளிம்பை உடைத்து அகலப்படுத்தியபின் எடுங்கள்.

பள்ளத்தின் விளிம்புகளிலும் காட்டிலும் வேறொரு பொறி உண்டு. நிலம் பிளந்த விரிசல்களைப் பெரணிகள் மூடியிருக்கும். புகைப்படத்துக்காக இரண்டு அடி பின்னால் நகர்வது அங்கே கூடாது.

நெருப்புக் குழம்பு ஓடுவதைப் பார்க்க முடியுமா?

உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். கீலவேயா உலகின் துடிப்பான எரிமலைகளில் ஒன்று என்பது உண்மை. 2018-இல் தீவின் கிழக்கில் உள்ள கீழ்ப் புனாவில் எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. உச்சிப் பள்ளமும் அந்த ஆண்டுதான் பெரிதாக உள்வாங்கியது. 2024 டிசம்பர் 23 அன்று உச்சியில் தொடங்கிய வெடிப்பு தனித்தனித் தவணைகளாக வந்தது. பல தவணைகள் ஒரு நாளுக்குள் முடிந்துபோயின, நடுவே பல நாட்கள் அமைதி. உங்கள் ஆறு நாளில் அது விழலாம், விழாமலும் போகலாம்.

பார்க்க வேண்டியது எரிமலை ஆய்வகத்தின் அறிவிப்பை. 1912 முதல் இயங்கும் அந்த ஆய்வகம் நிலைமையை நான்கு படிகளாகச் சொல்கிறது: பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நிறம் மாறினால் பூங்கா சில பாதைகளை மூடும், உங்கள் திட்டமும் அன்றே மாறும். நல்ல வழிகாட்டியிடம் ஒவ்வொரு நாளுக்கும் மாற்றுப் பாதை ஒன்று தயாராக இருக்கும். அது என்ன என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மூடிய பாதைக்குள் ‘ஐந்து நிமிடம்தான்’ என்று அழைத்துப்போகிற வழிகாட்டியோடு மறுநாள் நடக்க வேண்டாம்.

ஒளிரும் பள்ளத்தை இருட்டில் பார்க்கப் போனால் தலையில் மாட்டும் விளக்கில் சிவப்பு ஒளி வசதி இருக்கட்டும். வெள்ளை ஒளி அடுத்தவர் கண்ணையும் உங்கள் கண்ணையும் கெடுத்துவிடும். விளிம்பு எங்கே என்று தெரிய மட்டும் வெள்ளை.

‘வாக்’ என்கிறார்களே, அது என்ன? ஆஸ்துமா இருந்தால் வரலாமா?

எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடு வெயிலிலும் ஈரத்திலும் மாறி உண்டாகும் புகைமூட்டம்தான் வாக். எரிமலைக்கு அருகே வாயுவாகவும், தொலைவில் பெரும்பாலும் நுண்துகளாகவும் இருக்கும். வழக்கமான வடகிழக்குக் காற்று அதைத் தென்மேற்கே கவூ, கோனா பக்கம் தள்ளிவிடும். காற்று திசை மாறினால் வால்கேனோ ஊருக்கும் ஹீலோவுக்கும் வரும்.

என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும். வாயுவைத் தடுக்காது. இதைத் தெரியாமல் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஆவித்துளைகளின் அருகே நிற்பவர்கள் உண்டு. ஆஸ்துமா, இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எரிமலை வாயு கசியும் கந்தகப் படுகைகளுக்குப் போகவே வேண்டாம். மற்ற பாதைகளுக்கு வரலாம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு. இன்ஹேலர் பையின் அடியில் இருக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும். இன்னொன்று கூட்டாளியிடம்.

வெடிப்பு நடக்கும் நாட்களில் எரிமலைத் தெய்வமான பெலேயின் பெயரால் ‘பெலேயின் முடி’ எனப்படும் கண்ணாடி இழைகள் காற்றில் வந்து விழும். பொன்னிற முடிபோல் அழகாக இருக்கும், தொட்டால் தோலில் குத்தும். கண்ணில் விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அந்நாட்களில் மூக்குக்கண்ணாடிக்கு மாறிவிடுவது நல்லது.

எந்த ஷூ?

கணுக்கால் வரை வரும், அடிப்பகுதி விறைப்பான நடை ஷூ. இரண்டு கைகளால் பிடித்து முறுக்கினால் துணிபோல் சுருளக் கூடாது. ஆஆவில் மெல்லிய ஓட்டப்பந்தய ஷூவின் அடி ஒரே நாளில் பிய்வதுண்டு.

புது ஷூவின் ஆபத்து எல்லோருக்கும் தெரியும். பழைய ஷூவின் ஆபத்துதான் தெரிவதில்லை. அலமாரியில் ஐந்தாறு ஆண்டு தூங்கிய ஷூவின் நடு அடுக்கில் உள்ள பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள்ளேயே சிதைந்திருக்கும். வெளியே புதிதுபோல் இருக்கும். இரண்டு மணி நேர நடையில் அடி கழன்று தொங்கும். புறப்படுமுன் கட்டைவிரலால் நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். பொடிந்தாலோ விரிசல் தெரிந்தாலோ வேறு வாங்குங்கள். குழுவில் யாராவது ஒருவர் அகலமான டேப் 2 மீட்டரும் சில கேபிள் டையும் வைத்திருந்தால் கழன்ற அடியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

நீர்புகாத் துணி ஷூ லாவாவில் புழுங்கும்; காட்டில் மேலிருந்து தண்ணீர் இறங்கிவிட்டால் உலரவே உலராது. காய்கிற வகையே மேல். கம்பளிக் கலவை சாக்ஸ் மூன்று ஜோடி, ஒன்று எப்போதும் பிளாஸ்டிக் பைக்குள் காய்ந்த நிலையில். குதிகாலில் சூடு தெரிந்த நிமிடமே நின்று டேப் ஒட்டுங்கள். ‘அடுத்த ஓய்வில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதற்குள் கொப்புளம் வந்துவிடும்.

தண்ணீர் எவ்வளவு?

கீலவேயா இக்கிக்கு ஆளுக்கு 2 லிட்டர். கடலோர லாவா வெளிக்கு 3 லிட்டர், காலையில் கிளம்பினாலும். உச்சியிலிருந்து கடல் வரை இறங்கும் செயின் ஆஃப் கிரேட்டர்ஸ் சாலை ஏறக்குறைய 30 கி.மீ. வழியில் தண்ணீரும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. கறுப்புத் தரை வெயிலை மேலே திருப்பி அடிக்கும், நிழல் என்று ஒன்றுமில்லை. பூ லோவாவில் நடை 2.3 கி.மீ.தான் என்று அரை லிட்டரோடு இறங்குகிறவர்கள் திரும்பும்போது தலைவலியோடு வருவார்கள்.

ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி ஹவாய் ஓடைகளில் உண்டு. காலில் புண் இருந்தால் அருவிக் குட்டையில் இறங்கவும் வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, தசைவலி வந்தால் ஹவாயில் நன்னீரில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பச்சைக் கீரையை நன்றாகக் கழுவாமல் சாப்பிடுவதும் கூடாது. நத்தை வழியாகப் பரவும் எலி நுரையீரல் புழு இத்தீவில் இருக்கிறது. வால்கேனோ, புனா பக்கத்து வீடுகள் பலவற்றில் குழாயில் வருவது கூரையிலிருந்து சேர்த்த மழைநீர். தங்குமிடத்தில் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

மழைக்காட்டுப் பாதையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஹீலோவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. ‘இன்று மழை வருமா’ என்பது அங்கே கேள்வியே இல்லை. தொப்பியுள்ள மழைச்சட்டை வேண்டும். தலைவழியே போடும் போர்வை போன்ற போன்ச்சோ கிளைகளில் மாட்டும், காலடியையும் மறைக்கும். பருத்தி உடை நனைந்தால் உடம்பில் ஒட்டிக் குளிரேற்றும். உச்சிப் பகுதி கடற்கரையைவிட 7, 8 டிகிரி குறைவு, காற்றும் சேரும். வெப்பமண்டலம்தானே என்று அரைக்கால் சட்டையோடு வந்து நடுங்குகிறவர்கள் பலர். மெல்லிய கம்பளி மேலாடை ஒன்று கட்டாயம்.

மண் பாதையில் வேர்கள்தான் வழுக்கும். வேரின் மேல் மிதிக்காமல், அதைத் தாண்டி மண்ணில் காலை வையுங்கள். நடைக்கோல் காட்டில் நல்ல துணை. லாவாவில் அதன் நுனி விரிசலில் சிக்கி வளையும். அங்கே ரப்பர் மூடி போடுங்கள்.

ஓடையைக் கடக்கும் இடங்களில் நில்லுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை வெள்ளமாக வரலாம். தண்ணீர் திடீரெனக் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலிருந்து இரைச்சல் கூடுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கரையேறிக் காத்திருங்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரைக் கடக்கவே கூடாது, மறுகரையில் கார் நின்றாலும்.

பாம்பு?

ஹவாயில் இயற்கையான நிலப்பாம்புகள் இல்லை. பூரான் உண்டு, ஷூவைப் போடுமுன் தட்டிப் பாருங்கள். ஹீலோ, புனா பக்கம் சிறு நெருப்பெறும்பு மரத்திலிருந்து கழுத்தில் விழுந்து கடிக்கும். காட்டுப்பன்றி எதிரே வந்தால் அது போக வழி விடுங்கள்.

ஷூவைத் தேய்த்துக் கழுவ ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள்?

ஓஹியா மரத்துக்காக. ஆறிய லாவாவில் முதலில் வேர்விடும் மரங்களில் இது ஒன்று. ஹவாயின் சொந்தக் காடுகளில் பெரும்பங்கு இதுதான். அதன் சிவப்புப் பூவின் தேனைத்தான் அப்பாபனே போன்ற உள்ளூர்ப் பறவைகள் நம்பியிருக்கின்றன. இந்த மரத்தை இரண்டு வகைப் பூஞ்சைகள் தாக்கிக் கொல்கின்றன. 2014-இல் காரணம் கண்டறியப்பட்டது. பூஞ்சை மரத்தின் காயம் வழியாக நுழைகிறது. ஷூவில் ஒட்டிய மண்ணிலும் பயணம் செய்கிறது.

செய்ய வேண்டியது எளிது, வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் பிரஷ்ஷால் மண் முழுவதையும் எடுங்கள். பிறகு 70 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை அடிப்பகுதி நனையும்படி அடியுங்கள். மண் இருக்கும்போது அடித்தால் ஆல்கஹால் பூஞ்சைவரை போய்ச் சேராது, வேலை வீண். நடைக்கோல் நுனியையும் மறக்காதீர்கள். பாதை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் இரண்டு முறையும் செய்ய வேண்டும். ஓஹியாவின் பட்டையில் கீறுவதோ கிளை ஒடிப்பதோ கூடவே கூடாது. ஆளுக்கு இரண்டு நிமிட வேலை இது. எங்களைக் கேட்டால், மொத்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிக உபயோகமான இரண்டு நிமிடம்.

எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரை மழை சற்றுக் குறைவு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கூடுதல். கிழக்குப் பக்கம் எந்த மாதமும் நனையும்.

மௌனா கேயா மலையின் உச்சியையும் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், தனி நாளாக. 4,207 மீட்டர் உயரத்துக்குக் கடற்கரையிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட முடியும் என்பதுதான் ஆபத்தே. 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் நிலையத்தில் அரை மணி நேரமாவது தங்கிவிட்டு ஏறுங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் ஸ்கூபா நீச்சல் செய்தவர், கர்ப்பிணி, இதய நுரையீரல் சிக்கல் உள்ளவர், சிறு குழந்தைகள் ஏறக் கூடாது. தலைவலியோடு தடுமாற்றமும் வந்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது.

கல், மணல் எடுத்து வரலாமா? ட்ரோன்?

இரண்டும் பூங்காவில் சட்டப்படி தடை. பூ லோவாவில் 23,000-க்கும் மேற்பட்ட செதுக்கல்கள் இருக்கின்றன. பலகைப் பாதையிலிருந்து பாருங்கள், தேய்த்துப் படியெடுக்கவோ தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கவோ வேண்டாம். பெலே தெய்வத்துக்கு என்று பணமோ உணவோ ஊதுபத்தியோ பள்ள விளிம்பில் வைக்கிறார்கள் சிலர்.  எலிக்கும் எறும்புக்கும்தான் விருந்தாகிறது. நேனே வாத்துக்கும் தீனி போடாதீர்கள். அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட பறவை அது; கைத்தீனிக்குப் பழகிவிட்டால் சாலையோரம் நின்று வாகனத்தில் அடிபடும்.

பூங்காக் கட்டணம் தனியா?

பெரும்பாலும் பயணக் கட்டணத்தில் சேர்ந்திருக்கும். சொந்த வாகனத்தில் போனால் ஒரு வாகனத்துக்கு 30 டாலர், 7 நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, அட்டை வேண்டும். அகாக்கா அருவிப் பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் தனியே கட்ட வேண்டும்.

திரும்பும்போது விமான நிலையத்தில் ஏதாவது சிக்கல் வருமா?

அமெரிக்கப் பெருநிலத்துக்குப் பறந்தால், பெட்டியை வேளாண் சோதனைக்கு உட்படுத்திய பிறகே விமானத்தில் ஏற்றுவார்கள். பெரும்பாலான புதுப் பழங்களும் மண்ணும் போகக் கூடாது. அன்னாசி, தேங்காய் போகலாம். கடைசி நாள் மாலை ஷூவை இன்னொரு முறை பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து இரவு முழுதும் காயவைத்து, காலையில் பெட்டியின் மேலாக வையுங்கள். கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.